ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்

வடையில் பாதி வாய்க்குள் போன பிறகுதான் அவர், “ஒண்ணு எடுத்துக்கலாமா?” என்று கேட்பார். ஆனால் கேட்டுவிடுவார். கேட்காமல் எடுத்தார் என்று அவரைப் பற்றி சேலையூரில் ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு குறை வந்ததில்லை.

கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் என் எலக்ட்ரிகல் கடை. எதிர் அடுக்கு வீட்டில் மூன்றாவது மாடியில் அவர் குடியிருந்தார். நாவலூர் பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியர். சினிமா, ரசிகர்கள், செல்போன் வீடியோ என்று ஏதோ ஒரு பாடம். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அனுமதி கேட்க வேண்டும். அவர் உடனே கொடுத்துத் தொலைப்பார்.

எனக்குப் படிப்பு பத்தாவதோடு நின்றது. மீதியை எல்லாம் கடைக்கு வருகிறவர்கள் வாயைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். பல்பு வாங்க வருகிறவர்கள் போகிற போக்கில் ஒரு வார்த்தையை உதிர்த்துவிட்டுப் போவார்கள். அது அன்றைக்கு எனக்குப் போதும். பக்கத்து பிரியாணிக் கடை பாய், வியாபாரம் ஆகாத நாளில், “இன்னைக்குக் கடை நமக்கு விருந்து வெச்சிடுச்சு” என்பார். மழை கொட்டினால் பூக்கார அக்கா, “தண்ணி தெளிக்கிற வேலை மிச்சம்” என்று கூடையை மூடாமல் உட்கார்ந்திருப்பாள். இப்படி ஆளுக்கொரு பேச்சு.

பேராசிரியரிடம் இரண்டு பேச்சு இருந்தது. முதலாவது, “ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்.” இரண்டாவது, “நோ சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு.” முதலாவது வரும்போது காரியம் பாதி முடிந்திருக்கும். இரண்டாவது வரும்போது முழுசாக முடிந்திருக்கும்.

சரக்கு எடுக்க நான் பாரீஸ் கார்னர் போகிற நாட்களில் சில சமயம் அவரும் அதே ரயிலில் வருவார். தாம்பரத்தில் ஏறியதும் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிற சீட்டில் நாலாவதாக இடுப்பைச் செருகிவிட்டு, மூன்று பேரையும் பார்த்துச் சிரித்து, “கொஞ்சம் உக்காந்துக்கலாமா?” என்பார். ஒருமுறை ஜன்னலோரம் நசுங்கிக் கிடந்த ஒரு பெரியவர் சொன்னார்: “அதான் உக்காந்தாச்சே சார். இனிமே எழுந்திருக்கலாமான்னு வேணா கேளுங்க.” பேராசிரியர் அதையும் ரசித்துத் தலையாட்டினார். எழுந்திருக்கவில்லை.

அவர் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். மாலை விளக்கு போடும் நேரத்துக்கு நான் கடைக்கு வெளியே வந்து பார்க்கிறேன், எதிர்வீடு முழுக்க சீரியல் பல்பு மின்னுகிறது. வயர் தெருவைத் தாண்டி வந்து என் கடையின் வெளிச்சுவரில் இருக்கிற பிளக் பாயிண்ட்டில் சொருகியிருக்கிறது. அதற்கப்புறம் அவர் பட்டு வேட்டியோடு இறங்கி வந்தார். “அண்ணா, ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன். கரண்ட் எடுத்துக்கலாமா?”

என் மனைவி உள்ளேயிருந்து மெதுவாகச் சொன்னாள்: “வேணாம்னு சொல்லிப் பாருங்களேன், என்ன பண்றார்னு பாப்போம்.”

எப்படிச் சொல்வது? சொன்னால் விசேஷ வீட்டு விளக்கை அணைத்த பாவம் எனக்கு வரும். அவருடைய சாமர்த்தியமே அதில்தான் இருந்தது. எடுத்தது அவர், ஆனால் மறுத்தால் கெட்ட பெயர் நமக்கு. என் மனைவி அன்றைக்கே அவருக்கு ‘எக்ஸ்க்யூஸ் மீ’ என்று பெயர் வைத்துவிட்டாள். “எக்ஸ்க்யூஸ் மீ வர்றாரு, வடைத் தட்டை உள்ள வைங்க” என்று சிரிக்காமல் சொல்வாள்.

இதெல்லாம் சிரிக்கிற சமாச்சாரம். ஒரு சாவு வீட்டில் சிரிப்பு நின்றது. பின்தெருவில் ஒரு ஆட்டோக்காரர் திடீரென்று இறந்துபோனார். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் ஒரு ஓரமாக நின்று செல்போனைச் சட்டைப் பைக்கு வெளியே தலை நீட்டும்படி வைத்திருந்தார். ஒரு பாட்டு முடிந்து அவர்கள் மூச்சு வாங்கிய இடைவெளியில் குனிந்து, இறந்தவரின் அக்காவிடம் கேட்டார்: “அம்மா, இதை ரெக்கார்ட் பண்ணிக்கலாமா? ஆய்வுக்குத்தான்.”

அந்தம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். “இன்னா சார், மறுபடியும் அழணுமா?”

“இல்லம்மா, பண்ணியாச்சு. சும்மா ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்.”

அவள் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வரும்போது பேராசிரியர் என்னிடம் சொன்னார்: “பாத்தீங்களா, ஒண்ணும் சொல்லல. கேக்காம எடுக்கிறவங்க எவ்ளோ பேரு இருக்காங்க தெரியுமா? நான் அப்படி இல்லண்ணா.” அதை உண்மையாக நம்பித்தான் சொன்னார். அவரிடம் எனக்குப் பிடிபடாத விஷயம் அதுதான். திருடனுக்காவது தான் திருடன் என்று தெரியும்.

அப்புறம்தான் அந்த ஆராய்ச்சி வந்தது. செல்போனில் ஒரு காமெடி சேனல். தெருவோரத்து ஆள் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு ஒருத்தன் ஏதாவது பேசுவான். நம் பக்கத்தில் பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் சாப்பிடுவார்கள். அதற்குக் கீழே ரசிகர்கள் எழுதுகிற கமெண்டுகளை வைத்து இவர் கட்டுரை எழுதுகிறார். கடையில் வந்து உட்கார்ந்து எனக்கு வகுப்பே எடுத்தார். “ரசிகன் கமெண்ட்ல மனசைத் திறக்கிறான்ணா. யாரும் அதை மதிக்கிறதில்ல. நான் மதிக்கிறேன். கேட்டுத்தான் எடுப்பேன்.”

எப்படிக் கேட்டார் தெரியுமா? ஒவ்வொரு கமெண்டுக்கும் கீழேயே, ஊரே பார்க்கிற இடத்தில், ஒரே மாதிரி எழுதி ஒட்டினார். “வணக்கம். தங்கள் கருத்தை என் ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள் காட்ட அனுமதி கோருகிறேன். தங்கள் உண்மைப் பெயர், வயது, தொழில் ஆகியவற்றுடன் ‘சம்மதம்’ எனக் கீழே பதிவிடவும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் சம்மதமாகக் கருதப்படும். மறுக்கத் தங்களுக்கு முழு உரிமை உண்டு.”

புனைபெயரில் எழுதுகிறவனிடம் நடுத்தெருவில் நின்று நிஜப் பெயரைக் கேட்கிற மரியாதை இது. ரசிகர்கள் சும்மா விடுவார்களா? எனக்கே படித்துக் காட்டினார், பெருமையோடு.

“யோவ், யாருய்யா நீ, ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்துகீறியா?”

“மச்சான், நம்மள வெச்சு சார் டாக்டர் ஆவறாராம். ஊசி போடுவீங்களா டாக்டர்?”

“சம்மதம். பெயர்: உங்கப்பன். வயது: உங்கப்பன் வயது.”

“இதுவும் டேட்டாதாண்ணா” என்றார் பேராசிரியர். “எதிர்வினை.” அதையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒரே ஒரு கமெண்ட் அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. அதுதான் கட்டுரைக்கே உயிர் என்றார். எழுதிய ஆள் பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டதால் இவர் கணக்கில் சம்மதம்தான். ஆனால் கட்டுரையை வெளியிடுகிற பத்திரிகை ஒப்புக்கொள்ளவில்லையாம். “இது அந்தரங்கமான விஷயம், இதற்கு மட்டும் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்” என்று எழுதிவிட்டார்களாம். என்ன கமெண்ட் என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் கடைக்கு மேலே முதல் மாடியில் எட்வினும் ஜெயசீலியும் வாடகைக்கு இருந்தார்கள். எட்வினுக்கு மறைமலை நகரில், கார் உதிரிப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. ஜெயசீலி வீட்டிலேயே பிளவுஸ் தைப்பாள். எட்வின் காலையில் டிபன் பையோடு படி இறங்குவான். நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே, “ஷிப்டா?” என்பேன். அவன் “ஆமாண்ணே” என்பான். பேராசிரியர் பல நாள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, என் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, “பேப்பர் பாத்துக்கலாமா?” என்று கேட்டபடி இதைப் பார்த்திருக்கிறார்.

ஒருநாள் ஜெயசீலி வீட்டில் மெயின் பெட்டியில் சுவிட்ச் ஒன்று கருகிவிட்டது என்று கூப்பிட்டாள். வாசல் கதவுக்கு உள்பக்கம் மேலே இருந்தது பெட்டி. கரண்டை நிறுத்திவிட்டு ஸ்டூலில் ஏறி வேலை செய்துகொண்டிருந்தேன். தையல் மெஷின் மோட்டார், காற்றாடி, டிவி எல்லாம் நின்று வீடு அமைதியாக இருந்தது. பேராசிரியர் வந்தார். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, “உள்ள வரலாமா?” என்றார்.

“வாங்க சார்” என்று நாற்காலியில் கிடந்த துணியை எடுத்தாள் ஜெயசீலி. “அவரு வேலைக்குப் போயிட்டாரே.”

“பரவாயில்லம்மா. குடும்பத்தில ஒருத்தர் கையெழுத்து இருந்தாலே போதும்னு நினைக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன். உங்க வீட்டுக்காரர் ஒரு வீடியோவுக்குக் கீழ ஒரு கமெண்ட் எழுதியிருக்கார். அதை என் கட்டுரையில பயன்படுத்த அனுமதி வேணும்.”

அவளுக்குச் சிரிப்பு. “அவரா? கமெண்டா? வீட்ல அவரு பேசறதே நாலு வார்த்தை சார். எதுனா ஏடாகூடமா எழுதிட்டாரா?”

“சேச்சே. அருமையா எழுதியிருக்கார். என்ன எழுதியிருக்குன்னு விளக்கிட்டுத்தான் நான் கையெழுத்து வாங்கணும். அது விதி.” செல்போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, மேடையில் படிக்கிற குரலில் படித்தார்:

“மச்சான், வேல பூட்ச்சு. வூட்ல இன்னும் சொல்லல. காலைல அவ டிபன் கட்டிக் குடுக்கறா. கீழ எலக்ட்ரிக் கடை அண்ணன் ஷிப்டான்னு கேப்பாரு. ஆமாண்ணேன்னுட்டு நேரா தாம்பரம் ஸ்டேஷன். செங்கல்பட்டு வண்டி நிக்கற பிளாட்பாரத்துல குந்திகினு உன் வீடியோதான் பாத்துகினு கீறேன். சிரிச்சிகினே துன்னா அவ கட்டிக் குடுத்தது எறங்குது. இல்லாட்டி தொண்டைலயே நிக்குது. தேங்க்ஸ் மச்சான்.”

ஸ்டூல் மேல் நின்ற என் கையில் ஸ்க்ரூ டிரைவர் அப்படியே நின்றது. அதில் நானும் இருக்கிறேன். என் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் இவர் ஆளைப் பிடித்திருக்கிறார். தினமும் ஒரு பொய்யை அவன் வாயிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டவன் நான்.

ஜெயசீலி துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “இன்னொரு தபா படிங்க சார்” என்றாள். படித்தார். இந்தத் தடவை இன்னும் நன்றாகப் படித்தார்.

“இத எழுதினவரு உங்களுக்கு இன்னா பதில் சொன்னாரு?”

“பதில் வரலம்மா. அதனாலதான் நேர்ல வந்தேன்.”

“பதில் வரலைன்னா வேணாம்னுதான சார் அர்த்தம்?”

“அப்படி எடுத்துக்க முடியாதும்மா. நோ சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு.”

“என்கிட்ட எங்க சார் இருக்குது உரிமை? அது அவரோடது. அவரு என்கிட்டயே சொல்லாதத நீங்க ஏன் சார் வந்து சொன்னீங்க?”

பேராசிரியர் முகத்தில் நிஜமான குழப்பம். “சொல்லாம எப்படிம்மா அனுமதி கேக்கிறது? என்ன எடுக்கப் போறோம்னு மறைச்சா அது தப்பில்லையா?”

அவள் எழுந்தாள். சத்தம் போடவில்லை. “சார், நீங்க இங்க வரல. எனக்கு எதுவும் படிச்சுக் காட்டல. அவரா வந்து எப்ப சொல்றாரோ அப்பதான் எனக்குத் தெரியும். கெளம்புங்க.”

அவர் வாசல் வரை போய்த் திரும்பினார். “அப்போ இதை மறுப்புன்னு பதிவு பண்ணிக்கலாமாம்மா?”

அவள் கதவைச் சாத்தினாள். அவர் செருப்பு படியில் இறங்குகிற சத்தம் நிற்கும் வரை கதவிலேயே கை வைத்து நின்றாள். அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“அண்ணா, நீங்க சுவிட்ச்தான் மாத்திகினு இருந்தீங்க. உங்களுக்கும் எதுவும் தெரியாது.”

“சரிம்மா.”

“காலைல கேப்பீங்களே, ஷிப்டான்னு. அத நிறுத்திடாதீங்க. நிறுத்தினா அவருக்குத் தெரிஞ்சிடும். பாவம், நானும் கேவலமாப் பாப்பேன்னு நெனைச்சிருக்காரு.”

அதற்குப் பிறகு வந்த காலைகள் மாதிரி எனக்கு வாழ்க்கையில் கஷ்டமான காலைகள் இல்லை. பதில் தெரிந்த கேள்வியை, தெரியாத முகத்தோடு கேட்க வேண்டும். அவன் கண்ணைப் பார்க்காமல் ஷட்டர் பூட்டைப் பார்த்தே கேட்டேன். அவன் அந்தப் பையோடு தெருமுனை திரும்புவதை மாடியிலிருந்து ஜெயசீலி பார்ப்பாள். அவள் துணி காயப் போட வருகிறவள் மாதிரி பால்கனிக்கு வருவாள், துணி கையிலேயே இருக்கும். அன்றைக்கு முட்டை வைத்தேன், இன்றைக்கு மீன் வைத்தேன் என்று என் மனைவியிடம் சொல்வாளாம். வேலைக்குப் போன காலத்தில்கூட அவள் அப்படிக் கட்டிக் கொடுத்ததில்லை. காரணம் தெரியாமல் என் மனைவி, “என்னாடி, புதுப் புருஷனா?” என்று கிண்டல் செய்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும் வழியில் எட்வின் சொல்லிவிட்டான். தெருவில் நின்றே சொன்னானாம். ஜெயசீலி மறுநாள் தையல் நூல் வாங்குகிற சாக்கில் கடைக்கு வந்தாள். எலக்ட்ரிகல் கடையில் நூல் ஏது? “புதுசா கேக்கற மாதிரி நடிக்கணுமேன்னு பயந்துகினு இருந்தேன்ணா. அவரு வாயால சொல்லிக் கேட்டப்ப நிஜமாவே புதுசாத்தான் இருந்துச்சு. ரோட்லயே அழுதுட்டேன். அவரு, ‘உன்கிட்ட மொதல்ல சொல்லாம யார்கிட்ட சொல்வேன்’னாரு.” அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “அது அப்படியே இருக்கட்டும்ணா. அவரு சொல்லி நான்தான் மொதல்ல கேட்டேன்.”

கொஞ்ச நாளில் எட்வினுக்கு சிறுசேரியில் ஒரு ஆபீஸில் ஜெனரேட்டர் பார்க்கிற வேலை கிடைத்தது. கமெண்டுக்குக் கீழே ‘மச்சான், பயோடேட்டா அனுப்பு’ என்று எழுதிய முகம் தெரியாத எவனோ ஒருத்தன் வாங்கிக் கொடுத்தது.

பேராசிரியர் இதற்குள் நாவலூரில் நீச்சல் குளம் வைத்த குடியிருப்புக்கு மாறிப் போயிருந்தார். ஒருநாள் கேம்ப் ரோடு பக்கம் வந்தவர் கடைக்குள் நுழைந்து, என் தண்ணீர் பாட்டிலை அண்ணாந்து குடித்துவிட்டு, “தண்ணி குடிச்சுக்கலாமா?” என்று கேட்டுவிட்டு, கட்டுரை வந்துவிட்டது என்றார். இன்டர்நெட்டிலேயே இருக்கிறதாம், உலகமே படிக்கலாமாம். செல்போனில் காட்டினார். ஆங்கிலம். அவரே தமிழில் சொன்னார்.

“அந்த கமெண்டை நான் தொடவே இல்லண்ணா. வேணாம்னுட்டாங்க, மதிச்சு விட்டுட்டேன். கட்டுரையையே மாத்திட்டேன். இப்போ இது அனுமதி கேக்கிறதுல இருக்கிற சிக்கல் பத்தின கட்டுரை. ஒரு ரசிகரோட மனைவி, கணவர் மறைச்சு வெச்ச விஷயத்தை ஆய்வாளர் மூலமா முதல்ல தெரிஞ்சுக்கிட்டு, அனுமதி மறுத்து, கணவர்கிட்ட தெரியாத மாதிரி நடந்துக்கிறாங்க. எவ்ளோ அருமையான தருணம்! அவங்க பேசினது அப்படியே இருக்கு. ‘நீங்க இங்க வரல, எனக்கு எதுவும் படிச்சுக் காட்டல.’ செமினார்ல எல்லாரும் கை தட்டினாங்க.”

நான் கேட்டேன்: “சார், அவங்க மறுத்ததப் போடலாமான்னு அவங்களைக் கேட்டீங்களா?”

“கேட்டேனே! மறுப்புன்னு பதிவு பண்ணிக்கலாமான்னு. நீங்களும் இருந்தீங்களே, ஸ்டூல் மேல.”

“அவங்க கதவைச் சாத்தினாங்க சார்.”

“ஆமா. நோ சொல்லலையே.”

அவள் பேசியதைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். “நீங்க கேக்கிறது எனக்குப் புரியுது. ஆனா வந்தாச்சுண்ணா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதுதான் அவரை நான் கடைசியாகப் பார்த்தது.

கட்டுரை இருக்கிற இடத்தை என் செல்போனுக்கு அனுப்பியிருந்தார். ஜெயசீலியிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. எட்வின் கண்ணில் என்றைக்காவது பட்டால் அவள் காப்பாற்றி வைத்ததெல்லாம் போய்விடுமே. மாடிக்குப் போய்க் காட்டினேன். அவளுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவு வரும். மெஷினை நிறுத்திவிட்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். முகம் கறுத்தது. கடைசி வரை போனாள். கீழே கமெண்ட் எழுதுவதற்கு ஒரு பெட்டி இருந்தது. அது காலியாக இருந்தது. பார்த்தவர் எண்ணிக்கை மூன்று என்று இருந்தது; அவரும் நானும் அவருக்குக் கை தட்டிய யாரோ ஒருத்தரும்தான் இருந்திருப்போம்.

“இன்னாண்ணா, ஒருத்தர்கூட எதுவும் எழுதலையா?”

“இல்லம்மா.”

“எங்க வீட்டுக்காரரு நாலு வரி எழுதினாரு, ஊரே வந்து பதில் போட்டுச்சு. இவரு இத்தினி எழுதி வெச்சுக்கீறாரு, ஈ காக்கா இல்ல.” செல்போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பாவம்ணா. நீங்களாச்சும் ஒரு லைக் போட்டு வுடுங்க.”

மெஷின் ஓட ஆரம்பித்தது. படி இறங்கும்போது விரல் அந்த இடத்துக்குப் போகத்தான் போனது, வேடிக்கைக்காக. பிறகு, ஒரு லைக் விழுந்தால் அது இன்னும் நாலு பேர் கண்ணில் படுமோ என்று தோன்றியது. அப்படியே கிடக்கட்டும் என்று செல்போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.